செவியினுள் ஒரு குடுவை

இலத்தீன் மொழியில் அம்புல்லா என்றொரு சொல் உண்டு. கழுத்துச் சிறுத்து வயிறு பருத்த சிறிய குடுவைக்கு உரோமர் இட்ட பெயர் அது. எண்ணெய் வைத்திருப்பதற்கும் மது வார்ப்பதற்கும் அவர்கள் அதனைக் கையாண்டனர். அவர்கள் கையாண்ட மட்குடுவைகளும் கண்ணாடிக் குடுவைகளும் இன்று நூதனசாலைப் பேழைகளிலே உறங்குகின்றன. சொல்லோ உறங்கவில்லை. இக்கட்டுரையை வாசிக்கும் ஒவ்வொருவரின் செவியினுள்ளும், ஈரலுக்கு அயலிலும் அப்பெயர் பூண்ட உறுப்புகள் உள்ளன. மருத்துவம் பயில்வோர் எந்நாட்டவராயினும் அவற்றை அம்புல்லா என்றே அறிவர்.

தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்கு இலத்தீன் குடுவையோடு என்ன உறவு என்று வாசகர் வினவலாம். என்னிடம் இலக்கணம் கேட்க வரும் இளையோருட் சிலர் உயர்தர வகுப்பில் உயிரியலும் பயில்பவர். பாடநூலில் வரும் சொற்களின் பொருளை அவர்கள் இடையிடையே கேட்பர். ஒரு மாணவி இச்சொல்லைக் காட்டி, "ஐயா, இதைப் பத்துத்தரம் எழுதிப் பாடமாக்கிப்போட்டன். அடுத்தநாள் மனத்தில நிக்குதில்லை" என்று முறையிட்டாள். அது வெறும் பெயர், மனனம் செய் என்று கூறி அனுப்புவது எளிது. ஆயினும் சொல் ஒவ்வொன்றும் பொருள் குறிப்பதே என்ற தொல்காப்பியர் கொள்கையைக் கற்பித்துப் பிழைப்பவனுக்கு அவ்விடை தகாது. அம்மாணவிக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கு எழுதுகின்றேன்.

முதலிற் கலத்தைக் காண்போம். கிரேக்கர் இருபுறமும் கைபிடியுடைய பெருஞ்சாடியை அம்பிபொறெயுசு என்றனர். அம்பி என்பது இருபுறம். பொறெயுசு என்பது சுமப்பது. இருபுறமும் பற்றிச் சுமக்கப்படுவது என்பது அதன் பொருள். மிக முற்பட்ட கிரேக்க எழுத்தாகிய நேர்கோட்டு எழுத்து இரண்டிற் பொறித்த களிமண் ஓடுகளிலேயே இச்சொல் காணப்படுகின்றது. பின்னர் நடுவில் ஓர் அசை தேய்ந்து அம்பொறெயுசு ஆயிற்று. உரோமர் அதனை அம்போரா எனக் கொண்டனர். சாடியின் பெயரே முகத்தலளவையின் பெயருமாயிற்று. ஓர் அம்போரா என்பது ஏறக்குறைய 26 லீற்றர். நம் நாட்டிற் கலம் என்னும் பாண்டத்தின் பெயர் நெல்லளக்கும் அளவையின் பெயராகவும் வழங்கியதை இதனோடு ஒப்பு நோக்குக. பெரிய அம்போராவுக்குச் சிறுமை குறிக்கும் விகுதி சேர்ந்து பிறந்த பெயரே அம்புல்லா. ஆகவே அம்புல்லா என்றால் சிறு சாடி என்பதே சொல்லின் நேர்ப்பொருள்.

அம்போராவைத் தமிழகம் அறியும். புதுச்சேரிக்கு அணித்தான அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழ்வில் மத்தியதரைக் கடற்புறத்து அம்போராக்களின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதைக் கூறுகின்றார். அங்கு வரும் கலம் என்னும் சொல்லை மரக்கலம் எனவும் மதுக்கலம் எனவும் கொள்ள இடமுண்டு. இதனை நினைவில் வைத்துக்கொள்க. கலம் என்னும் சொல்லிடம் பின்னரும் வருவோம்.

சாடி கப்பலில் வந்தது. சிறு குடுவையோ இல்லத்தில் இருந்தது. உரோமர் நீராடு மண்டபத்துக்குச் செல்லும்போது இரண்டு பொருள்களைக் கொண்டு செல்வர். ஒன்று எண்ணெய்க் குடுவையாகிய அம்புல்லா. மற்றது உடலிற் பூசிய எண்ணெயையும் அழுக்கையும் வழித்தெடுக்கும் வளைந்த உலோகக் கருவி. இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டித் தூக்கிச் செல்வதுண்டு. நம்மவர் முழுக்குக்குச் செல்கையில் எண்ணெய்க் கிண்ணமும் அரப்பும் எடுத்துச் சென்றது போன்றது இது. செல்வனும் ஏழையும் நாடோறும் கையில் எடுத்த பொருளாதலின், அம்புல்லா என்றவுடன் அதன் வடிவம் எவர் கண்ணிலும் தோன்றும்.

எவரும் அறிந்த பொருள் புலவர் கையில் உவமையாகும். உரோமப் புலவர் ஹொறேஸ் கவிதைக் கலை பற்றிய தம் நூலில் இக்குடுவையைக் கொண்டுவருகின்றார். வறுமையுற்று நாடு கடத்தப்பட்ட பாத்திரங்கள் துயரத்தைக் கூறும்போது வீங்கிய சொற்களையும் ஒன்றரை அடி நீளச் சொற்களையும் விட்டொழிக்க வேண்டும் என்பது அவர் கூறும் விதி. அங்கே வீங்கிய சொற்களைக் குறிக்க அவர் ஆண்ட பெயர் அம்புல்லா என்பதன் பன்மையே. பருத்த வயிறும் உள்ளே வெறுமையும் உடையது குடுவை. ஆரவாரச் சொல்லும் அத்தகையது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் அனைவரும் அஞ்சவேண்டிய உவமை இது.

உரோமப் பேரரசின் பிற்காலத்தில் அம்புல்லா சமயத்துறையிற் புகுந்தது. எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையிலுள்ள அபூ மேனா என்னும் தலத்துக்குச் சென்ற யாத்திரிகர், புனித மேனாவின் உருவம் பொறித்த சிறு மட்குடுவைகளைக் கொண்டு திரும்பினர். இரு ஒட்டகங்களின் நடுவே அப்புனிதர் நிற்கும் வடிவம் அவற்றிற் காணப்படும். எருசலேம் சென்றோர் ஈயமும் வெள்ளீயமும் கலந்த குடுவைகளிலே எண்ணெய் கொணர்ந்தனர். 6ஆம் நூற்றாண்டுக்குரிய அத்தகைய குடுவைகள் இத்தாலியிலுள்ள மொன்சா நகரப் பேராலயத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. காசிக்குச் சென்றவர் கங்கைநீரைச் செம்பில் அடைத்துக் கொணரும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

யாத்திரிகர் கையிலிருந்து அது மன்னர் முடிசூட்டுக்கும் சென்றது. பிரான்சிய மன்னரை அபிடேகம் செய்யும் எண்ணெய், றீம்ஸ் நகரில் ஒரு சிறு குடுவையிலே காக்கப்பட்டது. முதல் கிறித்தவ மன்னனாகிய குளோவிசின் ஞானஸ்நானத்தின்போது வெண்புறாவொன்று அதனை வானிலிருந்து கொணர்ந்தது என்பது ஐதிகம். புரட்சிக் காலத்தில், 1793ஆம் ஆண்டு ஒற்றோபர் 7ஆம் திகதி, அக்குடுவை பொதுமன்றிலே சம்மட்டியால் நொறுக்கப்பட்டது. அரச குலத்தை ஒழிக்க எண்ணியவர் குடுவையை உடைத்தனர். ஒரு சிறு கலம் எத்துணைப் பொருளைத் தாங்கி நின்றது என்பது இதனால் விளங்கும்.

இங்கிலாந்தில் வேறொரு விந்தை. அங்கு முடிசூட்டு விழாவில் எண்ணெய் வார்க்கும் பாத்திரத்துக்கும் அம்புல்லா என்பதே பெயர். 2ஆம் சார்ள்சின் முடிசூட்டுக்காக 1661இற் செய்யப்பட்ட அது குடுவை வடிவினதன்று. சிறகு விரித்த பொற்கழுகு. எண்ணெய் அதன் அலகின் வழியே வடியும். 2023ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி 3ஆம் சார்ள்சின் முடிசூட்டிலும் அதுவே பயன்பட்டது. கழுத்தும் வயிறும் உடைய குடுவை மறைந்து கழுகு வந்தபின்னும் பெயர் மாறவில்லை.

இவ்விடத்தில் தொல்காப்பியர் நமக்குத் துணையாவர். உவமத்தை அவர் வினை, பயன், மெய், உரு என நால்வகைப்படுத்தினார். மெய் என்பது வடிவு. பயன் என்பது விளையும் நன்மை. பொற்கழுகு அம்புல்லா எனப்படுவது பயன்பற்றி. எண்ணெய் வைத்து வார்க்கும் பயன் ஒன்றாதலின் பெயர் நிலைத்தது. உடலுறுப்பு அம்புல்லா எனப்படுவதோ மெய்பற்றி; அங்கே எண்ணெயும் இல்லை, வார்த்தலும் இல்லை, வடிவ ஒப்புமை ஒன்றே உண்டு. காளை வந்தான் என்புழிக் காளை என்பது வீரனைக் குறிப்பது போல, அம்புல்லா என்பது உறுப்பைக் குறிப்பது உவமையாகுபெயர். எனது மாணவிக்குக் கூறிய விடை இந்த ஒரு தொடரே. உவமையாகுபெயரை அவள் நன்கு அறிவாள். உயிரியற் புத்தகத்திலும் அது வாழ்கின்றது என்பதே அவளுக்குப் புதிது.

உடற்கூற்றறிஞர் குடுவையின் பெயரை நாடியது ஏன்? மனித உடலைத் தாமே அறுத்து நோக்கி எழுதும் முறை ஐரோப்பாவில் வலுப்பெற்ற காலம் 16ஆம் நூற்றாண்டு. அந்திரேயாசு வெசாலியசு மனித உடலின் அமைப்புப் பற்றிய தம் பெருநூலை 1543இற் பாசெல் நகரில் வெளியிட்டார். அவரும் அவர் வழிவந்தோரும் இதுவரை எவரும் பெயரிடாத வடிவங்களைக் கண்டனர். காணாத பொருளைக் கண்டவன், கண்ட பொருளின் பெயராலேயே அதனை உணர்த்தவேண்டும். ஆகவே அவர்கள் சமையற்கட்டையும் பண்டசாலையையும் நோக்கினர். இடுப்பென்புக் கூட்டுக்குப் பெல்விசு என்று பெயர். பொருள் கழுவு தட்டம். முழங்காற் சில்லுக்குப் பற்றெல்லா. பொருள் சிறு தட்டு. தொடையென்பின் தலை பொருந்தும் குழிக்கு அசெற்றாபுலம். உரோமர் உணவு மேசையிற் காடி வைக்கும் சிறு கிண்ணம் அது. மூளையின் அடியில் தொங்கும் காம்பு இன்பண்டிபுலம், அது புனல். ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் உடலினுள் அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இனி நம் குடுவையைத் தேடிச் செல்வோம். முதலாவது செவி. உட்செவியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. அவை ஒன்றற்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான தளங்களில் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒரு முனையிற் பருத்துக் குடுவைபோற் காணப்படும். அப்பருத்த பகுதியே அம்புல்லா. அதனுள் நுண்மயிர் தாங்கிய உணர்கலங்கள் உள்ளன. அவற்றின்மீது கூழ் போன்ற ஒரு மூடி நிற்கின்றது. அதற்குக் குப்புலா என்று பெயர். சிறிய தொட்டி என்பது பொருள். கால்வாயில் நிரம்பியுள்ள நீர்மம், தலை திரும்பும்போது உடன் திரும்பாது சற்றுப் பின்தங்கும். வண்டி திடீரெனப் புறப்படும்போது வாளியிலுள்ள நீர் பின்னோக்கி மோதுவது போன்றது இது. அந்நீர்மம் மூடியைச் சாய்க்க, மயிர்கள் வளைய, தலை திரும்பிற்று என்ற செய்தி மூளைக்குச் செல்லும். தலை எத்திசையிற் சுழலினும் மூன்று குடுவைகளுள் ஒன்றேனும் அறிந்து கூறும். கண்ணை மூடிக்கொண்டும் நாம் திரும்பும் திசையை உணர்வது இதனாலேயே. செவியின் இத்தொழிலை ஆராய்ந்த றொபேட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இக்குடுவையின் அருமை அது பழுதுறும்போதே தெரியும். உட்செவியிலே வேறோர் அறையில் இருக்கவேண்டிய சுண்ணாம்பு மணிகள் இடம்பெயர்ந்து கால்வாயினுட் சென்றால், படுக்கையிற் புரண்டவுடன் உலகமே சுழல்வது போன்ற தலைச்சுற்று உண்டாகும். அம்மணிகள் கிளப்பும் நீரோட்டம் அசையாத தலையை அசைவதாகப் பொய்யுரைக்கின்றது. முதியோர் பலருக்கு இத்துன்பம் நேர்வதுண்டு. மருத்துவர் தலையை முறைப்படி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி அம்மணிகளை உரிய அறைக்குத் திரும்பச் செய்வர். எப்லி என்னும் அமெரிக்க மருத்துவர் 1992இல் விளக்கி எழுதிய முறை அது. குடுவையைச் சாய்த்து அடியிற் கிடக்கும் பருக்கையை வெளியேற்றும் எவருக்கும் இம்முறையின் உட்கருத்து உடனே விளங்கும்.

இராவணனுடைய தம்பி கும்பகருணன் என்னும் பெயருக்குக் குடம் போன்ற காதுடையவன் என்று பொருள். உட்செவியின் அமைப்பைக் காணுந்தோறும் அப்பெயர் எனக்கு நினைவுக்கு வரும். அரக்கனுக்கு வெளியே இருந்ததாகப் புராணம் கூறியது. நம் ஒவ்வொருவருக்கும் உள்ளே, செவிக்கு மூன்றாக இருக்கின்றது. ஒலி கேட்கும் செவி மட்டுமன்று, நிலை தவறாது நிற்கச் செய்யும் செவியும் இதுவே.

இரண்டாவது குடுவை வயிற்றில் உள்ளது. ஈரலிலிருந்து பித்தத்தைக் கொணரும் கானும், சதையியிலிருந்து செரிமானச் சாற்றைக் கொணரும் கானும் முன்சிறுகுடலின் சுவரிலே ஒன்றுசேர்ந்து சிறிது விரிந்து பின் குடலினுள் திறக்கின்றன. விட்டென்பேர்க் நகரின் அறிஞர் அபிரகாம் வாற்றர் 1720இல் இப்பகுதியை விளக்கினார். ஆகவே அதற்கு வாற்றரின் அம்புல்லா எனப் பெயர் வந்தது. மிகச் சிறிய இடமாயினும் இருபெரும் வழிகள் கூடும் முச்சந்தி அது. பித்தப்பையிலிருந்து நழுவிய சிறு கல்லொன்று அங்கு சிக்கினால், பித்தம் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகும். சதையியின் சாறு தேங்கிச் சதையியையே அழற்றும். குடுவையின் கழுத்து அடைபட்டால் உள்ளிருப்பது வெளிவாராது என்பதை அறிய மருத்துவக் கல்வி வேண்டுமோ?

மூன்றாவது குடுவை தாய்மையின் வாயிலில் உள்ளது. சூலகத்துக்கும் கருப்பைக்கும் இடையேயுள்ள குழாயைப் பதுவா நகரின் பேராசிரியர் கபிரியேல் பலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதன் விரிந்த வாய் எக்காளத்தை நினைவூட்டியதால் எக்காளம் என்றே அவர் பெயரிட்டார். குழாய் என்னும் பொதுப்பெயரால் இன்று நாம் வழங்குவது அந்த எக்காளத்தையே. அக்குழாயின் நீண்டு பருத்த பகுதிக்கு அம்புல்லா என்று பெயர். தாயின் முட்டையும் தந்தையின் விந்தும் கலந்து கருக்கட்டுவது பெரும்பாலும் அங்கேயே. பின்னர்ச் சில நாட்களில் அக்கரு கருப்பையை அடையும். அடையாது அக்குழாயிலேயே தங்கிவிடின் தாயின் உயிருக்கே ஏதம் நேரும்.

அகத்தியரைக் குடமுனி, கும்பமுனி என்று நம் நூல்கள் போற்றும். குடத்திற் பிறந்தவர் என்பது அப்பெயரின் வரலாறு. புராணத்தை விஞ்ஞானமென்று நாட்டுவது எனது கருத்தன்று. அவ்வாறு நாட்டுவது இரண்டுக்கும் இழுக்கு. ஆயினும் மனித உயிர் முதன்முதல் உருக்கொள்ளும் இடத்துக்குக் குடுவை என்று உடற்கூற்றறிஞர் பெயரிட்டதையும், தமிழ் முனிவரின் பிறப்பிடம் குடம் என்று நம் முன்னோர் கற்பித்ததையும் ஒருங்கு வைத்து நோக்குதல் இன்பந் தருவது. கலம் என்பது கொள்வது, காப்பது, தருவது. பிறப்பை எண்ணிய மனத்துக்குக் கலம் நினைவு வருதல் இயல்பே.

இத்தகைய பெயர்கள் காலப்போக்கிற் பெருகிக் குழப்பம் விளைத்தன. ஒரே உறுப்புக்கு நாட்டுக்கொரு பெயர், ஆசிரியருக்கொரு பெயர் எனப் பெயர்த்தொகை ஏறக்குறைய 50,000 ஆயிற்று. 1895இல் அறிஞர் பாசெல் நகரிற் கூடி அதனை ஏறக்குறைய 5,000 ஆகக் குறைத்தனர். 1955இற் பாரிசில் ஏற்கப்பட்ட பட்டியல், ஆட்பெயரால் உறுப்பை வழங்கலாகாது என விதித்தது. அதன்படி வாற்றரின் பெயர் பட்டியலினின்று நீங்கி, ஈரல் சதையி அம்புல்லா என்பது நிலைத்தது. கண்டவனின் பெயர் போயிற்று. குடுவையின் பெயர் நின்றது. ஆட்பெயர் உறுப்பின் இயல்பைக் காட்டாது. உவமைப் பெயர் காட்டும்.

மருந்துச் சாலையிலும் இச்சொல்லைக் காணலாம். ஊசி மருந்து அடைத்துக் கழுத்தை உருக்கி மூடிய சிறு கண்ணாடிக் குப்பியை அம்பூல் என்பர். பிரான்சிய மருந்தாளர் சுற்றனிசிலாசு இலிமூசின் 1886இல் ஆக்கியது அது. பிரான்சிய மொழியில் மின்விளக்கின் குமிழும், காலணி உராய்ந்து எழும் கொப்புளமும் அம்பூல் என்னும் பெயரே பெறும். பருத்த வயிறு கண்டவிடமெல்லாம் அச்சொல் சென்று ஒட்டிக்கொண்டது.

தமிழில் இத்தகைய சொல்லாட்சி உண்டா என்று நோக்கின், வியப்புத் தரும் ஒற்றுமைகள் தோன்றுகின்றன. இலத்தீனில் டெஸ்ற்றா என்பது மட்கலம், ஓடு, சிப்பியின் கோது என்னும் பொருள்கள் தரும். அதிலிருந்தே பிரான்சிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் தலையைக் குறிக்கும் சொற்கள் பிறந்தன. நம் மொழியில் ஓடு என்பது கூரை ஓடு, உடைந்த பானை ஓடு, ஆமை ஓடு, மண்டை ஓடு ஆகிய அனைத்தையும் குறிக்கின்றது. மண்டையை நோக்குக. புறநானூற்றிலே மண்டை என்பது உண்கலத்தின் பெயராக வருகின்றது. இன்று அது தலையின் பெயர். முழங்கால் முன்னுள்ள என்பை இலத்தீன் சிறு தட்டு என்றது. தமிழ் சில்லு என்றது. சில்லு என்பது சிறுமியர் கட்டம் கீறிக் கெந்தி விளையாடும் வட்டமான பானைத்துண்டு. அவர்கள் முழுத் தட்டைக் கண்டனர். நாம் உடைந்த துண்டைக் கண்டோம். இருவர் கண்ணும் குயவன் வினைப்பொருளிலேயே படிந்தன.

இவ்வாராய்ச்சியில் ஒரு காப்பு வேண்டும். ஒலி ஒத்தவை யாவும் ஓரினமல்ல. கள் இறக்கும் முட்டியும் கைவிரல் மடக்கிய முட்டியும் ஒலியால் ஒன்றே. அதுகொண்டு கைம்முட்டி பானையினாற் பெயர் பெற்றது என்று துணிதல் கூடாது. பொருளும் வரலாறும் பொருந்தியவிடத்தே உறவு கூறவேண்டும்.

இனிக் கலத்துக்கு வருவோம். பாண்டம், மரக்கலம், அணிகலம், அளவை என்னும் பொருள்களைத் தாங்கிய இச்சொல்லுக்கு இலங்கைப் பாடநூல்கள் மற்றுமொரு பொருள் தந்தன. உயிரின் நுண்ணிய அலகை இங்கே கலம் என்கிறோம். 1665இல் றொபேட் ஊக் என்னும் ஆங்கிலேயர் தக்கையை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அதன் நுண்ணறைகளைச் சிற்றறை என்னும் பொருளுடைய சொல்லாற் குறித்தார். நம்மவர் அறையென்று மொழிபெயர்க்கவில்லை. உயிர்ப்பொருளைக் கொண்டிருப்பது என்னும் பயன் நோக்கிக் கலம் என்றனர். குருதி செல்லும் குழாயைக் குருதிக்கலன் என்றனர். மாணவர் இச்சொற்களை மனனம் செய்து அல்லற்படுவதில்லை. வீட்டிற் புழங்கிய சொல்லாதலின் பொருள் தானே விளங்குகின்றது.

உடற்கூற்றைத் தமிழிற் சொல்லும் முயற்சிக்கு இந்நாட்டிலே நீண்ட வரலாறு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து பணியாற்றி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். 1873இல் தாயகம் திரும்பினார். அவர் முயற்சியால் வெளிவந்த நூல்களுள் மனுஷ அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்பன பேர்பெற்றவை. அந்தப் பெயர்களிற் பல இன்று வழக்கொழிந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று; கெமிஸ்தம் இரசாயனவியலாயிற்று. அவை வீழ்ந்தமை கிறீனுக்கு இழுக்கன்று. வழியில்லாத காட்டிலே முதலில் நடந்தவர் மிதித்த தடம் பின்னர் நேராக்கப்படுதல் உலகியல்பு. தமிழில் இது இயலும் என்று காட்டியதே அவர் செய்த பேருதவி.

அவருக்குப் பின்வந்த நாம் எச்சொல்லை ஆக்கினும் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டும்: கேட்கும் மாணவன் கண்முன் ஏதேனும் தோன்றுகிறதா? அம்புல்லாவைக் குடுவை என்பதில் எனக்கு விருப்பம். குடுவை என்பது வாய் சிறுத்த சிறுகலம். சுரைக்காயைக் குடைந்து காயவைத்துச் செய்த சுரைக்குடுவையைக் கண்டவர் நம்முள் இன்னும் இருக்கின்றனர். செவிக்குடுவை என்றவுடன் பருத்த முனையுடைய கால்வாய் மனத்தில் எழும். கலைச்சொல் ஆக்குவோர் நிகண்டைப் புரட்டுமுன் அடுக்களைக்கும் குயவன் கொட்டிலுக்கும் ஒருமுறை சென்று வருவது நன்று. இலத்தீன் அறிஞர் செய்ததும் அதுவே.

ஆனால் இதிலோர் இடர் உண்டு. பொருள் மறைந்தால் உவமையும் மறையும். உரோமர் வீட்டில் அம்புல்லா தொங்கிய காலத்தில் அச்சொல் விளக்கமாயிருந்தது. குடுவை நூதனசாலைக்குச் சென்றபின் அது வெற்றொலியாயிற்று. நம் சொற்களுக்கும் அக்கதி நேர்கின்றது. அடுக்களையில் மண்பாண்டம் அருகி, உலோகமும் பிளாஸ்ரிக்கும் நிறைந்துவிட்டன. குடுவையும் மிடாவும் தாழியும் சாலும் பழைய பாட்டின் அருஞ்சொல் விளக்கத்திற்கு ஒதுங்கிவிட்டன. இலத்தீன் சொல் விளங்காமையாற் பிள்ளை அல்லற்படுகின்றது என்று தமிழ்ச்சொல்லைக் கொடுத்தால், தமிழ்ச்சொல்லும் விளங்காமல் அப்பிள்ளை நிற்கும் நாள் தொலைவில் இல்லை. அந்நாள் வாராது காப்பது தமிழாசிரியர் கடமை. விஞ்ஞான ஆசிரியருக்கும் அதிற் பங்குண்டு.

செய்யவேண்டியது பெரிதன்று. பாட்டியின் வீட்டு மூலையிற் கிடக்கும் சிறுகலம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து மேசைமீது வைக்கலாம். கழுத்தைத் தொட்டுக் காட்டலாம். வயிற்றைத் தொட்டுக் காட்டலாம். நீரூற்றிச் சுழற்றி, கலம் நின்றபின்னும் நீர் சுழல்வதைக் காட்டலாம். செவியின் இயல்பும் சொல்லின் வரலாறும் உவமையாகுபெயரும் அந்த ஒரு கலத்தினால் ஒருங்கே விளங்கும். பத்துத்தரம் எழுதியும் நில்லாத சொல் அதன்பின் நிற்கும்.

ஹொறேஸ் அம்புல்லா என்னும் பெயரை வீங்கிய வெறுஞ்சொல்லுக்கு இட்டார். உடற்கூற்றறிஞர் அதே பெயரை உயிர் தாங்கும் உறுப்புக்கு இட்டனர். சொல் ஒன்றே. பொருளை உள்ளே வைத்துக் கொடுத்தால் அது கலம். பொருளின்றிக் கொடுத்தால் அது வெறும் வீக்கம். எதைக் கொடுக்கப் போகின்றோம் என்பது கற்பிப்பவராகிய நம் கையில் இருக்கின்றது.